மூடன் வாயில் நீதிமொழி

விவிலியத்தின் நீதிமொழிகள் நூலில் 26ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வசனங்கள் ஒன்றையொன்று மறுக்கின்றன. மூடனோடு அவன் போக்கிலேயே போய் வாயாடாதே, வாயாடினால் நீயும் அவனைப் போலாகிவிடுவாய் என்று எச்சரிக்கிறது நான்காம் வசனம். அவன் போக்கிலேயே போய்ப் பதில் கொடு, கொடுக்காவிட்டால் அவன் தன்னைப் பெரிய ஞானி என்று எண்ணிக்கொள்வான் என்கிறது ஐந்தாம் வசனம். இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு சொல்கூட இல்லை. பத்து அதிகாரம் தள்ளி இருந்திருந்தால் தொகுத்தவர் கவனிக்கவில்லை என்று விட்டுவிடலாம். இங்கே அவர் வேண்டுமென்றேதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

இது யூத அறிஞர்களை உறுத்தியது. நீதிமொழிகளைப் பொதுவாசிப்பிலிருந்து விலக்கி வைத்துவிடலாமா என்றே அவர்கள் யோசித்ததாக, அவர்களுடைய விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதின் சப்பாத் பகுதி சொல்கிறது. காரணம் இந்த முரண்பாடுதான். பிறகு ஒரு வழி கண்டார்கள்: திருமறை பற்றிய பேச்சு என்றால் மூடனுக்குப் பதில் சொல், உலக விவகாரம் என்றால் சும்மா இரு. அதற்கு உதாரணமாகத் தல்மூது சொல்லும் கதைகளில் ஒன்று வேடிக்கையானது. வரப்போகும் பொற்காலத்தில் பெண்கள் நாள்தோறும் பிள்ளை பெறுவார்கள் என்று ரபன் கமாலியேல் போதித்துக்கொண்டிருக்கிறார். மாணவன் ஒருவன் கேலியாக, சூரியனுக்குக் கீழே புதிதாக எதுவும் இல்லை என்ற பிரசங்கி நூலின் கருத்தை எடுத்து வீசுகிறான். கமாலியேல் அவனை வெளியே அழைத்துப்போய், தினமும் முட்டையிடும் ஒரு கோழியைக் காட்டுகிறார். கமாலியேலின் வாதம் எவ்வளவு செல்லும் என்பதை விடுவோம். கேலி செய்தவன் கையில் இருந்த ஆயுதம் என்ன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதுவும் ஒரு மறைவசனம்தான்.

மறைநூலைப் படித்தால் ஞானம் வரும், மடமை போகும் என்பது எல்லாச் சமயங்களிலும் சாதாரணமாகச் சொல்லப்படுவது. நீதிமொழிகளின் தொடக்கமும் அந்த வாக்குறுதியோடுதான் வருகிறது. பேதைக்கு விவேகம் கிடைக்கும், ஏற்கெனவே அறிவுள்ளவனும் கேட்டால் மேலும் தேறுவான் என்கிறது. ஆனால் உள்ளே போகப்போக அந்த வாக்குறுதிக்கு நிபந்தனைகள் ஏறிக்கொண்டே போகின்றன. மேலே சொன்ன அதே 26ஆம் அதிகாரம், மூடன் வாயில் அகப்பட்ட நீதிமொழியை நடக்கமுடியாதவனின் தொங்கும் கால்களுக்கு ஒப்பிடுகிறது. இரண்டு வசனம் தள்ளி இன்னும் கடுமையாக, அது குடிகாரன் கையில் ஏறிய முள் என்கிறது. முதல் உவமையில் படிப்பு பயன்படவில்லை, அவ்வளவுதான். இரண்டாவதில் அது பக்கத்தில் இருப்பவரைக் குத்துகிறது. மூடனும் நீதிமொழி படிப்பான், மனப்பாடம் செய்வான், சமயம் பார்த்து எடுத்தும் விடுவான் என்று நீதிமொழிகளைத் தொகுத்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. தன் வாசகனை இவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கும் மறைநூல் அபூர்வம்.

இந்த நூல் உருவான விதமும் இதற்குக் காரணமாக இருக்கலாம். 31 அதிகாரங்களில் 915 வசனங்கள். மாதத்தின் நாள்கணக்கோடு பொருந்திவருவதால் தினம் ஓர் அதிகாரம் என்று படித்து முடிப்பவர்கள் நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் உண்டு. மொத்தமும் சாலொமோன் எழுதியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நூலோ தன்னை ஒரே ஆள் எழுதியதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 10ஆம் அதிகாரத்திலிருந்து 22ஆம் அதிகாரத்தின் 16ஆம் வசனம் வரை ஒரு தொகுப்பு. அதில் 375 வசனங்கள் இருக்கின்றன. எபிரேய எழுத்துகளுக்கு உள்ள எண்மதிப்பின்படி சாலொமோன் என்ற பெயரின் கூட்டுத்தொகையும் 375தான். 25ஆம் அதிகாரம் வேறொரு தொகுப்பின் தொடக்கம். யூதாவின் அரசன் எசேக்கியாவின் ஆட்கள் பெயர்த்தெழுதியவை இவை என்று தலைப்பிலேயே சொல்கிறது. எசேக்கியா கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டவன். சாலொமோனுக்கும் அவனுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல். கடைசி இரண்டு அதிகாரங்களில் ஆகூர் என்பவரும் லேமுவேல் என்ற அரசனின் தாயும் பேசுகிறார்கள். இருவரும் இஸ்ரவேலர் போலத் தெரியவில்லை. ஞான நூலில் இடம்பெற்ற இந்த ஆகூர் தன் பேச்சை எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? மனிதருக்குள் நான் மிருகம், ஞானம் கற்றவன் இல்லை என்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி 20ஆம் நூற்றாண்டில் வந்தது. வாலிஸ் பட்ஜ் என்ற எகிப்தியல் அறிஞர் 1888இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ஒரு பாப்பிரஸ் சுருளைப் பெற்றார். 1923இல் அது முழுமையாக வெளியானது. அமெனெமோபே என்ற எகிப்திய அதிகாரி தன் கடைசி மகனுக்குச் சொன்ன அறிவுரைகள் அதில் 30 பிரிவுகளாக இருந்தன. மறு ஆண்டே ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் எர்மன், நீதிமொழிகள் 22ஆம் அதிகாரத்தின் 17ஆம் வசனத்திலிருந்து 23ஆம் அதிகாரத்தின் நடுப்பகுதி வரை இந்த எகிப்திய நூலோடு மிக நெருங்கி வருகிறது என்று காட்டினார். விதவை, அனாதையின் நிலத்து எல்லைக்கல்லை நகர்த்தாதே, கோபக்காரனோடு சேராதே, பெரிய மனிதன் வீட்டுப் பந்தியில் வாயைக் கட்டு, செல்வத்துக்குச் சிறகு முளைத்துவிடும். எகிப்தியச் சுருளில் செல்வம் வாத்துகளைப் போல வானேறுகிறது, எபிரேய நூலில் கழுகு போல. எல்லைக்கல் விஷயத்தில் எகிப்தியர் நிலாத்தேவனின் தண்டனையைச் சொல்லிப் பயமுறுத்தினார்; எபிரேயர் அந்த இடத்தில் அனாதைகளுக்காக வழக்காடும் தம் கடவுளை நிறுத்தினார். சில அறிஞர்கள் மறுத்தாலும், எகிப்திய நூலே மூத்தது, எபிரேயத் தொகுப்பாளர் அதை அறிந்திருந்தார் என்பதே இன்று பெரும்பான்மைக் கருத்து.

பக்தர்கள் சிலருக்கு இது சங்கடமாக இருக்கும். எனக்கு இது அந்தத் தொகுப்பாளர்மேல் மரியாதையைத்தான் கூட்டுகிறது. எகிப்து என்றாலே அடிமைத்தனத்தை நினைவுகூர்ந்த ஒரு சமூகம், அதே எகிப்தின் அரசு அதிகாரி ஒருவரிடமிருந்து, விதவையின் நிலத்தைத் தொடாதே என்ற பாடத்தை வாங்கித் தன் மறைநூலில் வைத்திருக்கிறது. சொன்னவன் யார் என்று பாராமல் சொன்னதைப் பார்த்திருக்கிறார்கள்.

மடமையை ஒரே வகையாக இந்த நூல் பார்ப்பதில்லை. பேதை என்பவன் இளையவன், எதையும் நம்புகிறவன், இன்னும் கெட்டுப்போகாதவன். மூடன் தன் நிலையில் திருப்தியாக உட்கார்ந்துவிட்டவன். பரியாசக்காரன் புத்திக்கூர்மை உள்ளவன். அவனுடைய கூர்மை முழுவதும் பிறர் சொல்வதைச் சிறுமைப்படுத்துவதிலேயே செலவாகிறது. கடைசியாக, இவர்களை எல்லாம் தாண்டி ஒருவன் இருக்கிறான்: தன்னை ஞானி என்று தானே முடிவுகட்டியவன். அவனைக் காட்டிலும் மூடனைப் பற்றி அதிகம் நம்பலாம் என்கிறது நூல். இந்த வரிசையை அடுக்கிப் பார்த்தால் அறிவின் அளவு அங்கே அளவுகோலாக இல்லை என்பது தெரிகிறது. திருத்தினால் திருந்துவானா என்பது ஒன்றுதான் கேள்வி.

நாபாலின் கதை இதற்குச் சரியான விளக்கம். சாமுவேலின் முதல் நூல், 25ஆம் அதிகாரம். 3000 ஆடுகளும் 1000 வெள்ளாடுகளும் உள்ள பணக்காரன். வனாந்தரத்தில் திரிந்த தாவீதின் ஆட்கள் அவனுடைய மேய்ப்பர்களுக்குக் காவலாக இருந்தார்கள். மயிர் கத்தரிக்கும் திருநாளில் தாவீது ஆளனுப்பி ஏதாவது கொடுக்கும்படி கேட்கிறான். யாரந்தத் தாவீது, எசமானைவிட்டு ஓடிப்போன வேலைக்காரர்கள் இப்போது பெருகிவிட்டார்கள் என்று எகத்தாளம் பேசி விரட்டிவிடுகிறான் நாபால். தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். அப்போது ஒரு வேலைக்காரன் நாபாலிடம் போகவில்லை. அவன் மனைவி அபிகாயிலிடம் ஓடுகிறான். காரணத்தையும் அவனே சொல்கிறான்: அவரிடம் யாரும் பேசமுடியாது. நாபால் எப்படிப்பட்டவன் என்பதற்கு வீட்டு வேலைக்காரன் கொடுத்த இந்தச் சான்றிதழைவிடத் துல்லியமான வரையறை நீதிமொழிகளில்கூடக் கிடையாது.

அபிகாயில் 200 அப்பங்களும் திராட்சரசமும் அத்திப்பழ அடைகளும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு வழியிலேயே தாவீதை மறிக்கிறாள். பணிந்து விழுந்தாலும் பேச்சில் பணிவு மட்டும் இல்லை. நாளைக்கு நீர் அரசனாகும்போது, காரணமில்லாமல் சிந்திய இரத்தம் உம் மனதை உறுத்தக்கூடாது என்று எடுத்துச் சொல்கிறாள். கவனியுங்கள், அன்று மடமை செய்யப் புறப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் விருந்தில் குடித்துக்கொண்டிருந்தான், இன்னொருவன் வாளோடு வந்துகொண்டிருந்தான். ஒரு வசை கேட்டதற்காக ஒரு வீட்டு ஆண்களையெல்லாம் கொன்றுவிடுவதாக ஆணையிட்டவன் தாவீது. அவனை எந்தக் கணக்கிலும் ஞானி என்று சேர்க்க முடியாது. இருவருக்கும் இருந்த வித்தியாசம், முன்பின் தெரியாத ஒரு பெண் வழியில் நின்று மறுத்துப் பேசியபோது தாவீது குதிகாலைத் திருப்பினான் என்பதுதான்.

திருத்துவது என்றால் அடிப்பதா? பிரம்பு விவகாரத்துக்கு வருவோம். பிரம்பைத் தொடாத தகப்பன் மகனுக்குப் பகைவன் என்ற பொருளில் வரும் 13ஆம் அதிகார வசனத்தை நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் எத்தனை முதுகுகள் சுமந்திருக்கின்றன! மறைநூல் படிப்பு பரவலாக உண்டாக்கிய மூடத்தனங்களில் இதை முதலில் வைப்பேன். அன்றைய உலகம் முழுக்க அடி இருந்தது. பையனின் காது முதுகில் இருக்கிறது, அடித்தால்தான் கேட்கும் என்று எகிப்திய எழுத்தர் பள்ளிப் பாடம் ஒன்று சொன்னது. நீதிமொழிகளும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். ஆனால் அதே நூலை அடுத்த பக்கமும் புரட்டினால்? விவேகியிடம் ஒரு கண்டிப்பு இறங்கும் ஆழத்துக்கு, மூடன்மேல் விழும் நூறு அடியும் இறங்காது என்கிறது 17ஆம் அதிகாரம். மூடனை உரலில் போட்டுத் தானியத்தோடு சேர்த்து உலக்கையால் குத்தினாலும் அவன் மடமை உமியைப் போலப் பிரிந்துவராது என்கிறது 27ஆம் அதிகாரம். அடியின் பலனைப் பற்றி இவ்வளவு அவநம்பிக்கை கொண்ட வசனங்கள் இருக்க, வீட்டுச் சுவரில் மாட்டப்படுவது முதல் வசனம் மட்டும்தான். அது நமக்கு வசதியானது. கையில் ஏற்கெனவே பிரம்பு இருப்பவன் தேடும் வசனம் அவனுக்குக் கட்டாயம் கிடைத்துவிடும்.

வசதியான வசனத்தைத் தேடிக் கண்டுபிடிப்பவர்களின் நாடகம்தான் யோபு நூல். அதைத் துன்பத்தைப் பற்றிய நூலாக மட்டுமே படிக்கிறோம். படித்தவர்களின் மடமையைப் பற்றிய நூலாகவும் அதைப் படிக்கலாம். சொத்தும் பிள்ளைகளும் உடல்நலமும் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகல், ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் ஞானிகள். வாய் திறந்ததும் கெட்டது. நல்லவனுக்கு நல்லது, கெட்டவனுக்குக் கெட்டது. உனக்குக் கெட்டது நடந்திருக்கிறது. ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய். பில்தாத் முன்னோர் ஆராய்ந்து வைத்ததைக் கேள் என்கிறான். நரைத்த பெரியோர் எங்கள் பக்கம் என்கிறான் எலிப்பாஸ். இருவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொல்வதற்கு ஒப்பான வாக்கியங்களை நீதிமொழிகளிலிருந்து பத்துப் பதினைந்து எடுத்துக் காட்டமுடியும். பாடம் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

கடைசியில் கடவுள் எலிப்பாஸிடம், நீயும் உன் நண்பர்களும் என் அடியானாகிய யோபுவைப் போல என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று சினந்துகொள்கிறார். இது சாதாரணத் தீர்ப்பு இல்லை. நூல் முழுவதும் கடவுளுக்காக வாதாடியவர்கள் அந்த மூவரும். கடவுளைக் குற்றம் சாட்டியவன் யோபு. ஏழு காளைகளும் ஏழு ஆட்டுக்கடாக்களும் பலியிட்டு, யோபு அவர்களுக்காக வேண்டிக்கொண்ட பிறகே அவர்கள் தப்புகிறார்கள்.

இதில் இன்னொரு சுருக்கு இருக்கிறது. எலிப்பாஸ் தன் முதல் பேச்சில், ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலேயே கடவுள் சிக்கவைக்கிறார் என்று ஒரு கருத்தைச் சொல்கிறான். பல நூற்றாண்டு கழித்துத் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் மூன்றாம் அதிகாரத்தில், உலக ஞானம் கடவுளுக்கு முன் மடமை என்பதற்குச் சான்றாக இதே வரியைத்தான் மறைவாக்கு என்று எடுத்தாள்கிறார். கடவுளே கண்டித்த ஒருவனின் சொல் மறைவாக்காக நிற்கிறது. கருத்தில் தவறு இல்லை என்பதுதான் விஷயம். கொரிந்துவில் கட்சி கட்டிக்கொண்டு பெருமை பேசியவர்களுக்குச் சொன்னபோது அது மருந்து. பிள்ளைகளைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவனிடம் சொன்னபோது அது குடிகாரன் கை முள். துக்க வீட்டில் நுழைந்தவுடனே, எல்லாம் நன்மைக்குத்தான் என்ற வசனத்தை எடுக்கும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவருக்கு எலிப்பாஸைப் பற்றிய அத்தனை அதிகாரங்களும் தெரிந்திருக்கும். தன்னை மட்டும் அங்கே அடையாளம் தெரிந்திருக்காது.

நீதிமொழிகளின் ஒன்பதாம் அதிகாரம் இந்த அபாயத்தைக் காட்சியாகவே வைக்கிறது. ஞானம் ஒரு பெண்ணாக வருகிறாள். ஏழு தூண்கள் கொண்ட வீடு கட்டி, விருந்து சமைத்து, பேதைகளை உள்ளே வரச்சொல்லி அழைக்கிறாள். சில வசனம் தள்ளி மடமையும் ஒரு பெண்ணாக வாசலில் உட்கார்ந்து அழைக்கிறாள். இருவரின் அழைப்பு வாக்கியமும் எபிரேயத்தில் ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் ஒன்றே. அழைக்கப்படும் ஆட்களும் ஒரே ஆட்கள். உள்ளே போன பிறகுதான் ஒரு வீட்டில் சமைத்த விருந்தும் இன்னொரு வீட்டில் திருடிய தண்ணீரும் என்று தெரியும். பிரசங்கத்தின் சொல்லை மட்டும் கேட்டு எது ஞானம் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடப் பச்சையாக எப்படிச் சொல்வது?

மரபு எவனை ஞானத்தின் தகப்பன் என்று கொண்டாடியதோ அவன் வீட்டிலேயே தவறான அழைப்புக்குச் செவிகொடுப்பது நடந்தது. என் மகனே, கேள் என்று நீதிமொழிகள் திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறது. சாலொமோனின் மகன் ரெகொபெயாம் சீகேமில் அரியணை ஏறப் போனபோது, உம் தகப்பன் சுமத்திய பளுவைக் குறையும் என்று மக்கள் கேட்டார்கள். மூன்று நாள் தவணை வாங்கினான். தகப்பனின் அவையில் இருந்த முதியவர்கள், இன்று இறங்கிப்போனால் என்றும் உமக்குப் பணிவார்கள் என்றார்கள். கூட வளர்ந்த வாலிபர்கள், என் சுண்டுவிரல் என் தகப்பன் இடுப்பைவிடத் தடிமன் என்று சொல்லச் சொன்னார்கள். அவன் வாலிபர்கள் சொன்ன வழியில் போனான்; பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோயின. அவனுக்கு ஆலோசனை கிடைக்காமல் இல்லை. இரண்டு தரப்பையும் கேட்டான், தனக்கு இனித்ததை எடுத்துக்கொண்டான்.

தனியாக உட்கார்ந்து படிப்பவனுக்கு எப்போதும் இந்த ஆபத்து இருக்கிறது. இனிக்கிற வசனத்தில் கண் நிற்கும், கசக்கிறதைத் தாண்டிவிடும். தடுக்க ஆளில்லை. தல்மூதின் தாஆனித் பகுதி, இரும்பை இரும்பு கூர்மையாக்கும் என்ற 27ஆம் அதிகாரத்துக் கருத்தை, சேர்ந்து படிக்கும் இரண்டு மாணவர்களைப் பற்றியதாக விளக்குகிறது. யூதக் கல்விக்கூடங்களில் இன்றும் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து சத்தம்போட்டு வாதாடிப் படிப்பதைப் பார்க்கலாம். நூலகத்து அமைதியை எதிர்பார்த்துப் போகிறவர் முதலில் சந்தைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று திகைப்பார்.

இந்த முறைக்கு அவர்கள் சொல்லும் பெரிய கதை மூன்றாம் நூற்றாண்டில் கலிலேயாவில் வாழ்ந்த ரபி யோகனானுடையது. அவருடைய படிப்புத் துணைவர் ரெஷ் லாகிஷ் முன்பு கொள்ளைக்காரராக இருந்தவர். வாதம் ஒன்றில் யோகனான் அந்தப் பழைய தொழிலைக் குத்திக்காட்ட, உறவு முறிந்து, ரெஷ் லாகிஷ் நோயுற்று இறந்துவிடுகிறார். துக்கத்தில் ஒடிந்த யோகனானுக்கு ஆறுதலாக எலாசார் பென் பெதாத் என்ற மேதையை அனுப்புகிறார்கள். யோகனான் எதைச் சொன்னாலும், உமக்கு ஆதரவாக ஒரு மரபு இருக்கிறது என்று எலாசார் சான்று காட்டுகிறார். யோகனான் எரிச்சலடைகிறார். நான் ஒன்று சொன்னால் ரெஷ் லாகிஷ் 24 மறுப்புகள் எழுப்புவான், நான் 24 பதில் தருவேன், விஷயம் தெளியும். நீயோ என் பக்கம் சான்று தேடுகிறாய், நான் சரியாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியாதா? இவ்வளவு பெரிய அறிஞரும் கோபத்தில் ஒரு வார்த்தை விட்டு நண்பனை இழந்தார் என்பதை அந்தக் கதை மறைக்கவில்லை. அத்தனை ஆண்டுப் படிப்பும் அந்த ஒரு நிமிடத்தில் அவரைக் காப்பாற்றவில்லை.

நம் ஊர் வேதபாட வகுப்புகளில் எலாசார்கள் நிறைய. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். கேள்வி கேட்பவர் விசுவாசக் குறைவுள்ளவராகக் கணக்கில் ஏறுவார். புத்தாண்டு இரவில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்துக்கொண்டு போகிறோம். அந்த அட்டைகளில் ஆசீர்வாதம் இருக்கும். உரலும் உலக்கையும் வந்து நான் பார்த்ததில்லை. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய குறை என்று சொல்லமாட்டேன். எந்த மறைநூலையும் நற்செய்தித் துணுக்குகளாக நறுக்கி அலைபேசியில் காலை வணக்கத்தோடு அனுப்பும் பழக்கம் எல்லாச் சமயத்தாருக்கும் வந்துவிட்டது.

மறுப்பை நூலுக்குள்ளேயே கட்டிவைக்க முடியும் என்பதற்கு ஓர் அச்சுச் சான்று இருக்கிறது. பிரான்சின் திராய் நகரில் வாழ்ந்த ராஷி (1040–1105) தல்மூதுக்கு எழுதிய உரை இல்லாமல் யாரும் அதைப் படிக்க முடியாது. அவருடைய மகள்வழிப் பேரன் யாக்கோபு பென் மேயிரும் அவரைப் பின்தொடர்ந்த அறிஞர்களும் அந்த உரையை வரிவரியாகக் கேள்வி கேட்டார்கள். பல இடங்களில் தாத்தா சொன்னது பொருந்தாது என்று வெளிப்படையாக எழுதினார்கள். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் சொன்சினோ அச்சகமும், பிறகு 1520 முதல் 1523 வரை முழுத் தல்மூதையும் அச்சிட்ட வெனிஸ் நகரத்து தானியேல் பொம்பெர்க்கும் மூலத்தை நடுவில் வைத்து, ஒரு பக்கம் ராஷியையும் எதிர்ப்பக்கம் பேரன் தரப்பின் மறுப்பையும் அச்சிட்டார்கள். அந்த அமைப்பு இன்றுவரை மாறவில்லை. தல்மூது படிக்கத் தொடங்கும் சிறுவன் தாத்தாவின் உரையைப் படித்துவிட்டுக் கண்ணைப் பக்கத்தின் மறுபுறம் திருப்பினால் போதும், பேரனின் ஆட்சேபம் அங்கே அச்சாகியிருக்கும்.